தொட்டுப் பார்த்துவிட்டேன் என்று நான் தலையாட்டியது

03.08.1994 புதன்கிழமை காலை 10.40 மணிக்குக் காவல் நிலையத்துக்குத் தானாக வந்து ஆஜரான லோகநாதன், வயது 37, த/பெ காலஞ்சென்ற தட்சிணாமூர்த்தி, அம்மன் கோயில் தெரு, ராஜகீழ்ப்பாக்கம், என்பவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி சரோஜினியுடன் குடியிருந்து வருகிறேன். எங்களுடையது ராஜகீழ்ப்பாக்கத்தின் பூர்வீகக் குடும்பம். வேளச்சேரி சாலையில் இப்போது வீடுகளாக இருக்கும் இடத்தில் எங்கள் தகப்பனார் நெல் பயிரிட்டார். நான் தட்சிணா சவுண்ட் சர்வீஸ் என்ற பெயரில் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எதுவானாலும் இந்தப் பக்கத்தில் என் பெட்டிதான் போகும். இதற்கு முன் என்மீது வழக்கு எதுவும் கிடையாது. நான் குடித்திருக்கவில்லை. என்னிடம் வேலை செய்யும் வயர்மேன் துரையைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று ஏட்டையா சொன்னார். நான் அவ்வளவு நல்லவன் கிடையாது. அதைச் சொல்வதற்குத்தான் வந்திருக்கிறேன்.

1979ஆம் வருடம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 'லெவல் கிராசிங்' என்ற பெயரில் ராக் இசைக் குழு ஒன்றை ஆரம்பித்தோம். நான் லீட் கிடார், பல்லாவரம் சவுரிமுத்து டிரம்ஸ், அவனுடைய மைத்துனன் சின்னப்பன் பேஸ் கிடார், பீர்க்கன்கரணை சம்பந்தம் பாட்டும் ரிதம் கிடாரும். ரிதம் கிடார் என்பது பாட்டுக்குப் பின்னால் தட்டிக்கொண்டே இருப்பது. லீட் கிடார்தான் முன்னால் வந்து வாசிப்பது, ஜனங்கள் வாயைப் பிளந்து பார்ப்பது. இந்த வித்தியாசத்தை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தத்துக்குக் கிடாரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். விரல் நுனித் தோல் உரிந்து அவன் விட்டுவிடுகிறேன் என்று அழுதபோது தேங்காயெண்ணெய் தடவி உட்காரவைத்தவனும் நான்தான். கல்லூரி விழாக்களிலும், பல்லாவரம் பக்கம் கிறிஸ்துமஸ் நடனங்களிலும் ஏழு வருடம் வாசித்தோம்.

1982ஆம் வருடம் ஒரு கல்லூரி விழாவில் சம்பந்தம் கையில் கிடாரோடு மைக்கில் வாயை வைத்ததும் உதட்டில் ஷாக் அடித்தது. ஐயோ அம்மா என்று மைக்கிலேயே அலறிவிட்டான். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. அரைமணி நேரம் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து நடுங்கினான். காரணம் என்னவென்றால், கிடார் ஆம்ப்ளிபையரில் கரண்ட் லேசாகக் கசிந்தால் கிடார் கம்பி வரைக்கும் வந்து நிற்கும், கம்பியைப் பிடித்தவன் வாய் மைக்கில் பட்டதும் அது உடம்பு வழியாகப் பாயும். அந்த ஆம்ப்ளிபையருக்கு எர்த் கொடுத்திருந்தால் கசிவு தரைக்குப் போய்விடும், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எர்த் கொடுத்தால் சில இடங்களில் ஸ்பீக்கரில் உறுமல் வரும், உறுமல் வந்தால் எர்த் வயரைக் கழற்றிவிடுவோம். அந்தக் காலத்தில் எல்லாக் குழுக்காரர்களும் செய்ததுதான், இன்றைக்கும் செய்கிறார்கள். கழற்றிய பிறகு ஒரு ஆள் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தொட்டால் கை பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் தானாக உதறிவிடும். எங்கள் குழுவில் அந்த ஆள் நான். அந்தக் கல்லூரி சம்பவத்துக்குப் பிறகு சம்பந்தம் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மைக்குக்கு முன்னால் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் தொட்டுப் பார்த்துவிட்டேன் என்று தலையை ஆட்டுவேன். நான் ஆட்டாமல் அவன் வாயைத் திறந்ததே கிடையாது.

1986ஆம் வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசிக்க ஆள் எடுப்பவர் ஒருவர் எங்கள் வாசிப்பைக் கேட்க வந்தார். நான் அன்றைக்கு வாசித்த மாதிரி என் ஆயுளில் வாசித்ததில்லை. அதன் பிறகு அவர் சம்பந்தத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்னிடம் வந்து, நீங்கள் ரொம்ப வாசிக்கிறீர்கள் தம்பி, எங்களுக்குச் சொன்னதை மட்டும் வாசிக்கிற ஆள்தான் வேண்டும் என்றார். குழு அத்தோடு கலைந்தது. சின்னப்பன் மஸ்கட் போய் லாரி ஓட்டுகிறான். சவுரிமுத்து ரயில்வேயில் சேர்ந்தான், மத்தியான சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. நான் என் கிடாரை விற்று இரண்டு குழாய் ஸ்பீக்கர் வாங்கினேன். சம்பந்தம் தினமும் பக்கத்து ஸ்டேஷனில் ரயிலேறி கோடம்பாக்கத்தில் இறங்கினான்.

பொறாமைதானா என்று நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். பொறாமைதான். வேறு பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் என் ஸ்பீக்கரில் அவன் கிடார் வரும். நானே கேசட்டைப் போட வேண்டும். அவன் கை எனக்குத் தெரியும், முதல் இரண்டு தட்டிலேயே கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் ரேடியோவில் வந்தால் சரோஜினி சமையலறையிலிருந்து ஓடிவந்து சத்தத்தைக் கூட்டுவாள். இது உங்க சம்பந்தம் அண்ணா வாசிச்சதுதானே என்று கேட்பாள். என்னைக் கட்டிக்கொள்ளும்போது நான் மைக் செட்காரன், நான் கிடார் வாசித்து அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு கேசட் அட்டையின் உள்பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் அவன் பெயர் போட்டிருந்தது. அதை பிளேடால் சுரண்டி எடுத்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு.

அவனுக்குத் தலைக்கனம் பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் புதுக் கேசட்டும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். இதில் நாலாவது பாட்டைக் கேளு லோகு, உன் ஸ்டைல்தான் அடிச்சிருக்கேன் என்பான். என் ஸ்டைலை அவன் வாசித்தால் ஊர் கேட்கிறது, நான் வாசித்தால் ரொம்ப வாசிக்கிறேன்.

கடந்த 31.07.1994 ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழா நடந்தது. அன்று மாலை சம்பந்தத்தின் கச்சேரி என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். திரைப்படக் கிடார் இசைக் கலைஞர் என்று அவன் போட்டோவும், அடியில் ஒலி ஒளி தட்சிணா என்று என் கடைப் பெயரும் இருந்தது. மேடைக்கு ஒலி அமைக்க நான் துரையுடன் பகல் இரண்டு மணிக்கே போய்விட்டேன். நான்கு மணிக்கு நல்ல மழை பெய்து அரைமணி நேரத்தில் விட்டது. சிமெண்ட் மேடை முழுக்க ஈரம்.

ஐந்து மணிக்குப் பூசை. எங்கள் கோயிலில் அம்மன் கழுத்திலிருந்து எடுக்கிற முதல் மாலையை எங்கள் வீட்டு மூத்த ஆண்பிள்ளைக்குப் போடுவது வழக்கம். அப்பாவுக்குப் பிறகு ஒன்பது வருடமாக எனக்குப் போடுகிறார்கள். அன்றைக்கு நான் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு போய் நின்றேன். விழாக் கமிட்டித் தலைவரான என் சித்தப்பா அந்த மாலையை வாங்கி, என் பக்கத்தில் நின்ற சம்பந்தத்தின் கழுத்தில் போட்டார். பிறகு என் காதோடு, "நீ நம்ம வூட்டு ஆளு, உனக்கு வர்ற வருஷம் போட்டுக்கலாம். வந்த மனுசனுக்கு மரியாத பண்ணணுமா இல்லியா" என்றார். சம்பந்தத்துக்கு வழக்கம் தெரியும். உடனே மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டான். கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டு மாலை போட்டுக்கொண்ட எனக்கு இல்லை, கழற்றிக் கொடுத்த அவனுக்கு. என் வீட்டு மாலையை அவன் எனக்குத் தானம் பண்ணியதாக ஆகிவிட்டது. மேடைக்குப் பின்னால் போய் மாலையைக் கழற்றி ஜெனரேட்டர்மேல் போட்டேன். சவுரிமுத்து டிரம்ஸ் வாசிக்க வந்திருந்தான். அவன் பார்த்துவிட்டு, "இன்னாடா மச்சான், மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற" என்று கேட்டான். தலைவலி என்றேன்.

அதன் பிறகு சுமார் ஆறு மணிக்கு சம்பந்தம் கொண்டுவந்த கிடார் ஆம்ப்ளிபையரை இணைத்தோம். ஸ்பீக்கரில் உறுமல் வந்தது. நான் துரையிடம் எர்த்தைக் கழட்டு என்று சொன்னேன். அவன் தானாகக் கழற்றவில்லை, நான் சொல்லித்தான் கழற்றினான். உறுமல் நின்றது. துரை என்னிடம் வந்து, "அண்ணா, எர்த்த எடுத்துட்டேன். நீ ஒரு தபா தொட்டுப் பாத்துடு" என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டர் பக்கம் போனான்.

நான் தொட்டுப் பார்த்தேன். இதுவரை எல்லாரும், தொட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது, அதன் பிறகு வயரிங்கில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் புறங்கையை மைக்கிலும் கம்பியிலும் வைத்ததும் முழங்கை வரைக்கும் வெட்டி இழுத்தது. பழைய நாளில் பார்த்ததைவிட அதிகமான கரண்ட். பிளக்கில் எர்த்தைத் திரும்ப மாட்ட இரண்டு நிமிடம் போதும். உறுமல் வரும், அவ்வளவுதான். கச்சேரி ஆரம்பிக்க இருபது நிமிடம் இருந்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். துரை தூரத்திலிருந்து கையைக் காட்டிக் கேட்டான். சரியாக இருக்கிறது என்று நானும் கையைக் காட்டினேன்.

அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கல்லூரி விழாவில் அலறின மாதிரி எங்கள் ஊர் ஜனத்துக்கு முன்னால் ஐயோ அம்மா என்று அலற வேண்டும், என் சித்தப்பா அதைப் பார்க்க வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்துப் பார்க்கச் சுகமாக இருந்தது.

6.40 மணிக்கு சம்பந்தம் மேடை ஏறினான். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியில் இன்னும் கை வைக்காமல் மைக்குக்கு முன்னால் நின்றான். நானும் அவனும் ஒரே மேடையில் நின்று எட்டு வருடம் ஆகிறது, எனக்கும் மேடைக்கும் நடுவில் இருநூறு ஜனம். இருந்தும் அவன் வாயைத் திறப்பதற்கு முன் என்னைத் தேடித் திரும்பினான். "லோகு, பாத்துட்டியா?" என்று கேட்டான். மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று கேட்டதால் மற்றவர்களுக்கு விளங்கியிருக்காது, எனக்கு அவன் உதட்டசைவே போதும். நான் தலையாட்டினேன். அவன் சிரித்துவிட்டு சவுரிமுத்துவைப் பார்த்தான்.

சவுரிமுத்து குச்சியைத் தட்டி, ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ண ஆரம்பித்தான். டூ என்னும்போது நான் சம்பந்தத்தின் காலைப் பார்த்தேன். வெறுங்கால். எந்தக் கச்சேரியிலும் அவன் தடித்த ரப்பர் ஷூ இல்லாமல் நின்றதில்லை, முன்பு ஷாக் அடித்தபோதும் அதுதான் காலில் இருந்தது. இது கோயில் மேடை என்பதால் ஷூவைப் படிக்கட்டுக்குக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறான். ஈர சிமெண்டில் வெறுங்கால் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் தொழிலே அது. மெயின் சுவிட்ச் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. த்ரீ, ஃபோர் என்று எண்ணி முடிக்கும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. இரண்டு செகண்டு இருக்கும். கை சுவிட்ச் மேல் போயிற்று. அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மாலை ஞாபகம் வந்தது என்றுதான் சொல்ல முடியும்.

அதன் பிறகு அவன் கை கம்பியைப் பிடித்தது, வாய் மைக்கில் பட்டது. அலறவில்லை. சத்தமே வரவில்லை. இடது கை கம்பியைப் பிடித்தபடி அப்படியே விறைத்து மல்லாந்து விழுந்தான், கை மட்டும் கிடாரை விடவில்லை. நான் சுவிட்சை அணைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது தவறு. நான் எழுந்து நின்றேன், அவ்வளவுதான். துரைதான் மேடைக்குத் தாவி, தோளில் இருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினான். அவன் இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இது கொலை வழக்கு. அப்படிக் காப்பாற்றியவனைத்தான் நேற்று மாலையிலிருந்து நீங்கள் உள்ளே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

சம்பந்தத்தை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் தலை என் மடியில் இருந்தது. மறுநாள் அவன் மனைவி கொடுத்த புகாரின்பேரில் நீங்கள் விசாரித்தபோது, எர்த் வயர் கழன்று கிடந்ததைப் பார்த்தீர்கள், கழற்றியது யார் என்று கேட்டீர்கள். துரை நான்தான் என்றான். நான் சொல்லித்தான் கழற்றினான் என்பதை நான் சொல்லவில்லை.

நேற்று 02.08.1994 பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சம்பந்தத்தைப் போய்ப் பார்த்தேன். இடது கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றான்.

"ரெண்டு விரல் எடுத்துட்டாங்க லோகு. கம்பி அறுத்து உள்ள வரைக்கும் வெந்துபோச்சாம். உசுரு இருக்கே, அது போதும். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். லோகு தொட்டுப் பாத்துத் தலையாட்டினான், அதுக்கு மேல அவன்மேல பேச்சே இல்ல, அப்புறமா வயர்ல எவனோ கை வச்சிருக்கணும்னு சொல்லிட்டேன்" என்றான்.

எந்த விரல் என்று கேட்டேன். ஆள்காட்டியும் நடுவிரலும் என்றான். இடது கையில் அந்த இரண்டும் இல்லாமல் கிடாரில் ஒன்றும் பிடிக்க முடியாது. அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை எழுதுவதா வேண்டாமா என்று நீங்கள் பேனாவை நிறுத்திக் கேட்டீர்கள். எழுதுங்கள் என்று சொன்னேன். முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடி. எட்டு வருடம் நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். உன் தொழிலுக்கு இதனால் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று சொன்னான். வெளியே போய் குழாயடியில் வாந்தி எடுத்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

சம்பந்தம் அப்படிச் சொன்னதால்தான் குற்றம் துரைமேல் போயிற்று. நான் பார்த்தபோது சரியாக இருந்தது என்றால், பிறகு கெடுத்தவன் துரை என்றுதானே ஆகும்.

இன்று காலை ஏழு மணிக்கு துரையின் மனைவி முத்தாலம்மாள் என் கடைக்கு வந்தாள். அவர்கள் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். அவள் பல்லாவரத்தில் மீன் விற்கிறாள். கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்றாள். இன்று மாலைக்குள் துரையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம் என்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ நேற்று ஸ்டேஷனில் துரை தன்னிடம் சொன்னதைத்தான் சொன்னாள்.

"அண்ணன் தொட்டுப் பாத்துச்சு, சரியா கீதுன்னு கையக் காட்டுச்சு, அப்பால நான்தான் ஜெனரேட்டர்ல எங்கியோ தப்பு பண்ணிட்டேன் போலன்னு சொல்லி அழுவுறாருண்ணா. அந்தப் பாட்டுக்காரரு கையப் பாத்ததுலருந்து சோறு எறங்கல அவருக்கு. நீ ஒரு வார்த்த வந்து சொல்லு. தெரியாம செஞ்சிட்டான், மன்னிச்சு வுடுங்கன்னு சொல்லு" என்றாள்.

செய்யாத தப்பைச் செய்ததாக அவனே நம்பிவிட்டான். நான் கையைக் காட்டியதைக் காட்டிலும் தன் கையைத்தான் அவன் சந்தேகப்படுகிறான். கடையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய் சரோஜினியிடம் நடந்ததை இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு நேராக இங்கே வந்தேன்.

துரைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. எர்த்தை எடுக்கச் சொன்னவன் நான், கரண்ட் வருகிறது என்று தெரிந்தவன் நான், தெரிந்தே தலையாட்டியவன் நான். அவனை இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் சம்பந்தத்துக்கு முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்துக் காட்டினால் அவன் நம்ப மாட்டான். லோகு அப்படிச் செய்கிறவன் இல்லை, வேலைக்காரனைக் காப்பாற்ற ஏதோ உளறுகிறான் என்று உங்களிடமே வாதாடுவான், கட்டுப் போட்ட கையோடு எழுதிக்கூடக் கொடுப்பான். அவன் பேச்சைக் கேட்டு என்னை விட்டுவிட வேண்டாம்.

மேலே கண்டவை யாவும் என் வாயால் நான் சொன்னவை, நடந்தபடி நடந்தவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, கேட்டேன், ஒரு வரியும் கூடவில்லை, குறையவில்லை.

(ஒப்பம்) த. லோகநாதன்
03.08.1994, பகல் 12.15 மணி

என் முன்பாக,
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்